களுபோவிலை வீட்டுப் பியானோ

கொட்டாஞ்சேனையிலிருந்து களுபோவிலைக்குப் போக 176ஆம் இலக்க பஸ் இருக்கிறது. ஹெட்டியாவத்தையில் புறப்பட்டு, பொரளை, நுகேகொடை என்று சுற்றிக்கொண்டு கொஹுவலைக்கு வந்து சேரும். "அதில ஏறினா மத்தியானம் ஆகிடும். ஓட்டோ பிடிச்சு மரைன் டிரைவால போ, கடலையாவது பாக்கலாம்" என்றார் சின்னம்மா. எனக்கு அவசரமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இந்தமுறை கொழும்புக்கு வந்ததே களுபோவிலையில் ஒரு வீட்டிலிருக்கும் கிராண்ட் பியானோவை வாசிப்பதற்குத்தான். போகிற வழியில் நிதானமாக யோசிக்க ஒரு விஷயமும் இருந்தது: முதல்நாள் இரவு சின்னம்மா வீட்டில் கேட்ட சத்தம்.

சின்னம்மாவின் வீடு தொடர்மாடியில் நான்காம் தளம். சன்னலைத் திறந்தால் புனித லூசியாள் பேராலயத்தின் கோபுரக் குவிமாடம் தெரியும். அவருடைய பேத்தி றோயல் ஸ்கூல்ஸ் இசைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். சுவரோடு ஒட்டி ஒரு டிஜிற்றல் பியானோ. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிப்பாள். அவளுக்கு ஒரு பெரிய மண்டபத்து நாதம் கேட்கும். கூடத்தில் இருக்கிற எங்களுக்குக் கட்டைகள் அடியில் போய் முட்டுகிற 'தடக், தடக்' மட்டும். அந்தத் தடக்கைக் கூர்ந்து கேட்டால் ஒன்று புரியும். மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்திலும் பலமாக வாசிக்க வேண்டிய இடத்திலும் அவள் விரல் ஏறக்குறைய ஒரே கனத்தோடுதான் இறங்குகிறது. பிள்ளைக்கு ஞானம் குறைவில்லை. காது கெட்டி, தாளம் பிசகாது. விரலை வித்தியாசமாக இறக்கினால் என்ன கிடைக்கும் என்பதை அவளுடைய வாத்தியம் அவளுக்குப் போதிய அளவு சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டிஜிற்றல் பியானோவைக் குறை சொல்ல நான் வரவில்லை. நானும் அதில்தான் பழகினேன். நல்ல கிராண்ட் பியானோ ஒன்றை மண்டபத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வைத்து, ஒவ்வொரு கட்டையையும் பல பலங்களில் அடித்துப் பதிந்து, அந்தப் பதிவுகளை ஒரு சில்லுக்குள் அடைத்திருக்கிறார்கள். கட்டைக்கு அடியிலுள்ள உணரிகள் விரல் இறங்கிய வேகத்தை அளக்கும். அந்த வேகத்துக்குப் பொருந்தும் பதிவு வெளியே வரும். யமஹாவின் கிளாவினோவா வரிசை 1983இல் வந்தது. இலத்திரனியல் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான 'மிடி' என்ற ஒழுங்குமுறையும் அதே ஆண்டில்தான் வந்தது. அந்த ஒழுங்குமுறையில் விரலின் வேகம் 1 முதல் 127 வரையான படிகளாகக் குறிக்கப்படும். பதிவுகளை விட்டுவிட்டு, கம்பியும் பலகையும் அதிரும் விதத்தைக் கணக்கிட்டே ஒலியை உண்டாக்கும் கருவிகளும் பிறகு வந்தன. ரோலண்டின் வி-பியானோ 2009இல் வந்தது. அதே ஆண்டில் யமஹா, கிராண்ட் பியானோவின் கட்டை அமைப்பை அப்படியே உள்ளே வைத்து, கம்பி மட்டும் இல்லாத அவாண்ட்கிராண்டைக் கொண்டுவந்தது. டிஜிற்றல்காரர்களே கிராண்டின் பொறியைத் தேடிப் போனது இந்தக் கதையில் முக்கியமான இடம்.

கொஹுவலையில் இறங்கினேன். அங்கிருந்து ஆஸ்பத்திரிப் பக்கமாக நடை. வெளியூர்க்காரர்களுக்குக் களுபோவிலை என்றால் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலைதான். வடக்கிலிருந்து நோயாளியோடு வந்து அந்த வாசலில் காத்துக்கிடந்தவர்கள் எங்கள் ஊரில் பலர். வீதி முழுக்க பாமசிகள், பழக்கடைகள், ஓட்டோ வரிசை, இடைவிடாத ஹோர்ன். ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினால் அந்த இரைச்சல் பாதியாகக் குறைகிறது. ஈரப்பலா மரம், மதில், பழைய ஓட்டு வீடு. களுபோவிலையில் இப்படியான வீடுகள் குறைந்துகொண்டு வருகின்றன; இரு பக்கத்திலும் தொடர்மாடிகள் எழும்பிவிட்டன.

வீட்டுக்காரர் பல ஆண்டுகள் பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்ந்த ரீச்சர். எண்பதைக் கடந்த வயது. "வாரும் தம்பி, தேத்தண்ணி பிறகு குடிக்கலாம். கையைக் கழுவிப்போட்டு வாரும்" என்று நேரே முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

1930களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் செய்யப்பட்ட புளூட்னர் அது. ஆறடிக்குச் சற்றுக் கூடிய நீளம். 1853 பியானோ உலகில் விசேஷமான ஆண்டு: லைப்சிக்கில் புளூட்னர், பெர்லினில் பெக்ஸ்டைன், நியூயோர்க்கில் ஸ்டைன்வே என்று மூன்று நிறுவனங்களும் அந்த ஒரே ஆண்டில் பிறந்தன. புளூட்னருக்குத் தனியான ஒரு கைவேலை உண்டு. பியானோவின் உச்சப் பகுதியில் ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று கம்பிகள் இருப்பது வழக்கம்; புளூட்னர் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது. 1873இல் உரிமம் பெற்ற ஏற்பாடு. அந்த நான்காம் கம்பியைச் சுத்தியல் தொடுவதே இல்லை. பக்கத்துக் கம்பிகள் அதிரும்போது அதுவும் தானாக அதிரும். 1936இல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலுக்கு அலுமினியத்தில் கனம் குறைந்த பியானோ செய்து கொடுத்ததும் இந்த நிறுவனம்தான். 1943 டிசம்பரில் குண்டுவீச்சில் தொழிற்சாலை எரிந்துபோயிற்று. களுபோவிலைப் பியானோ அதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டது.

மூடியைத் தூக்கிக் கோலில் நிறுத்தினார் ரீச்சர். உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம், அதன்மேல் இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள். அத்தனை கம்பிகளின் இழுவிசையையும் கூட்டினால் பதினைந்து, இருபது தொன் வரும். அடியில் ஸ்ப்ரூஸ் மரத்தாலான ஒலிப்பலகை. வெள்ளைக் கட்டைகளில் யானைத்தந்தம் மஞ்சள் பாய்ந்திருந்தது. அந்தக் காலத்து நல்ல பியானோக்களெல்லாம் அப்படித்தான். தந்த வாணிபத்தை உலகம் தடுத்தது 1989இல். கறுப்புக் கட்டைகளுக்குக் கருங்காலி. நம்முடைய வரண்ட வலயக் காடுகளில் விளைந்த இலங்கைக் கருங்காலிக்கு உலகச் சந்தையில் இருந்த பெயர் பெரியது. வாத்தியம் ஐரோப்பாவுடையது என்று ஒதுக்கிவைக்கிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

"முதலில ஒண்டும் வாசிக்க வேண்டாம். ஒரு கட்டையை அமத்திப்போட்டு விடாமப் பிடியும். சத்தம் முடியுமட்டும் கேளும்" என்றார்.

நடுவிலுள்ள ஒரு சுரத்தை அமர்த்தினேன். முதலில் பளிச்சென்று எழுந்த ஒலி விரைவாகத் தணிந்தது. அதோடு முடியும் என்று எதிர்பார்த்த இடத்தில் அதற்கடியிலிருந்து இன்னொரு ஒலி, முந்தியதைவிட மெல்லியது, வெகு நேரம் நின்றது. அது நிற்கும்போதே உள்ளே ஏதோ அசைகிறது, சற்றே விரிகிறது, ஒடுங்குகிறது. இதற்குக் காரணம் உண்டு. ஒரு சுரத்தின் மூன்று கம்பிகளும் நூலளவு வித்தியாசத்தில் இருக்கும். சுத்தியல் அடித்ததும் மூன்றும் சேர்ந்து, கம்பிகளை ஒலிப்பலகையோடு இணைக்கும் பாலத்தை ஒரே பக்கம் தள்ளுவதால் சக்தி மளமளவென்று பலகைக்குப் போய்விடுகிறது. கொஞ்ச நேரத்தில் அவை ஒன்றுக்கொன்று எதிராக அதிரத் தொடங்க, பலகைக்குப் போகும் சக்தி குறைகிறது. மிச்ச ஒலி நீண்டு நிற்கிறது. காப்ரியல் வைன்ரைக் என்ற பௌதிகவியலாளர் 1977இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். நல்ல டியூனர் அந்த நூலளவு வித்தியாசத்தைக் காதாலேயே வைப்பார். டிஜிற்றலிலும் இந்த வால் பதிவாகியிருக்கும். ஆனால் ஒரே பலத்தில் அடித்தால் அதே வால் திரும்பத் திரும்ப வரும். இங்கே நான் அந்தச் சுரத்தைத் திரும்பத் திரும்ப அமர்த்தினேன். ஒன்றைப்போல் இன்னொன்று வரவில்லை.

பிறகு ஷோப்பானின் சின்னப் பிரெலூட் ஒன்றை எடுத்தேன். ஓபஸ் 28இல் நான்காவது, ஈ மைனர். இரண்டு பக்கம்கூட இல்லாத துண்டு. வலது கையில் மெதுவான ஒரு பாட்டு. இடது கையில் ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வரும் கோட்கள், அவை மாறும்போது பெரும்பாலும் ஒரு விரல் மட்டும் அரைச் சுரம் கீழே இறங்கும். வீட்டு டிஜிற்றலில் இந்த இடது கை எனக்கு எப்போதும் தையல் மெசின் போலத்தான் கேட்கும். எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் ஒவ்வொரு கோட்டும் தனித்தனியாக முளைத்து நிற்கும்.

ரீச்சர் பின்னால் நின்று என் மணிக்கட்டைப் பிடித்துச் சற்றே பதித்தார். "கட்டையை முழுக்க மேல வர விடாதேயும். பாதியில திருப்பி அமத்தும்." அப்போதுதான் அந்தப் பொறியின் அருமை கைக்குத் தெரிந்தது. கிராண்ட் பியானோவில் கட்டை முழுவதும் மேலே திரும்பாமலே சுத்தியலை மறுபடியும் ஏவலாம். 1821இல் செபாஸ்தியன் ஏராட் உரிமம் பெற்ற இரட்டை விடுவிப்பு அமைப்பு அது. நிமிர்ந்த பியானோக்களில் பெரும்பாலும் இது இல்லை. கட்டை பாதியிலேயே திரும்பி இறங்குவதால், கம்பியை அடக்கும் டாம்பர் முழுதாக உட்காருவதற்கு முன் அடுத்த ஒலி பிறந்துவிடுகிறது. கோட்கள் ஒன்றிலிருந்து ஒன்று ஊறி வந்தன. அரைச் சுரம் இறங்கும் அந்த ஒற்றை விரலுக்கு மட்டும் ஒரு துளி கனம் கொடுக்கலாம் என்பது அங்கேதான் எனக்குக் கைகூடியது. கொடுத்தபோது பாட்டே மாறிவிட்டது. வலது கையிலிருக்கும் துக்கத்துக்கு இடது கையில்தான் காரணம் இருக்கிறது என்று தெரிந்தது.

இந்தப் பிரெலூட் தொகுதி நிறைவெய்திய கதை ஈரத்தோடு சம்பந்தப்பட்டது. 1838 குளிர்காலத்தில் ஷோப்பான் மயோர்க்கா தீவில், மழையும் குளிருமாக இருந்த வல்தெமோசா மடத்தில் நோயோடு கிடந்தார். பரிஸிலிருந்து வரவேண்டிய பிளேயல் பியானோ சுங்கத்தில் அகப்பட்டு ஜனவரியில்தான் கைக்குக் கிடைத்தது. அதுவரை உள்ளூரில் கிடைத்த மட்டமான பியானோவில்தான் வேலை. அப்படிப்பட்ட ஒன்றில் இருந்துகொண்டு இந்தத் துண்டை நினைக்க முடிந்த மனிதருடைய காது எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்!

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. பௌதிகம் படித்தவர்கள் கேட்பது. சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே விரலின் பிடியிலிருந்து விடுபட்டுத் தானாகப் பறக்கிறது. அந்தக் கணத்துக்குப் பிறகு எந்த மேதையின் விரலாலும் அதை மாற்ற முடியாது. ஒலியைத் தீர்மானிப்பது சுத்தியலின் வேகம் ஒன்றுதான் என்றால், அந்த வேகத்தை டிஜிற்றலும் அளக்கிறதே, வித்தியாசம் எங்கே? ஒரு சுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர்கள் பக்கம் பலம் அதிகம். ஆனால் இசை ஒரு சுரத்தில் இல்லை. ஐந்து விரல்கள் ஐந்து வேகத்தில் இறங்குகின்றன. ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் கம்பியைச் சுத்தியல் திரும்ப அடிக்கும்போது அது எந்த நிலையில் சந்திக்கிறது என்பது ஒவ்வொரு தடவையும் வேறு. கட்டை அடியில் முட்டுகிற சத்தமும் ஒலியோடு கலக்கிறது. இவற்றையெல்லாம்விடப் பெரியது, பலகையின் அதிர்வு கட்டை வழியாகவும் தரை வழியாகவும் உடம்புக்குத் திரும்பி வருவது. வாசிக்கிறவன் அடுத்த சுரத்தை முடிவுசெய்வது அந்தத் திரும்பலைக் கேட்டுத்தான். நல்ல கிராண்டில் பத்து நிமிடம் இருந்தால் விரல் தானாகவே கேட்கத் தொடங்கிவிடுகிறது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிற பாடம் இது.

பெடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலது பெடலை மிதித்தால் டாம்பர்கள் எல்லாம் எழும்பி, அடிக்காத கம்பிகளும் அடித்த கம்பிக்குத் துணையாக அதிரும். ரீச்சர் பெடலை மிதித்துக்கொண்டு, பியானோவுக்குள் குனிந்து "ஓ" என்று குரல் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். என் குரலின் சுரத்திலேயே கம்பிகள் பதில் சொல்லின. பெடலை முழுக்க மிதிப்பதற்கும் விடுவதற்கும் நடுவே அவர் பாதம் எத்தனையோ நிலைகளை அறிந்திருந்தது. மலிவான டிஜிற்றல்களில் பெடல் ஒரு சுவிட்ச்: உண்டு, அல்லது இல்லை. உயர்ந்தவற்றில் பாதி மிதிப்பும் வேலை செய்யும், துணை அதிர்வையும் கணக்கிட்டுச் சேர்க்கிறார்கள். அவை வருடா வருடம் நெருங்கி வருவதை நான் மறுக்கவில்லை.

தேத்தண்ணியோடு மற்றப் பக்கமும் வந்தது. கொழும்பில் கிராண்ட் வைத்திருப்பது சுகமான காரியமில்லை. பியானோவுக்குப் பிடித்த காற்றீரம் நாற்பது, ஐம்பது வீதம். இங்கே எழுபது, எண்பது சாதாரணம். மழைக்காலத்தில் ஒலிப்பலகை ஊதிச் சுதி ஏறும், கட்டைகள் இறுகி மேலே திரும்ப மறுக்கும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். கறையான், ஃபெல்ட்டைத் தின்னும் அந்து, எலி. ரீச்சர் வீட்டுப் பியானோவின் அடியில் சின்ன பல்ப் ஒன்று இரவு பகலாக எரிகிறது, ஈரத்தை விரட்ட. ஆண்டுக்கு இரண்டு தடவை டியூன் செய்ய வேண்டும். "செய்யத் தெரிஞ்ச ஆக்கள் இப்ப விரல்விட்டு எண்ணுற அளவுதான். அவைக்கும் வயசு போட்டுது" என்றார். டிஜிற்றலுக்குச் சுதி இறங்காது, டியூனர் வேண்டாம், நான்காம் மாடிக்கு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. மின்சுற்று பழுதானால், உதிரிப்பாகம் நிறுத்தப்பட்டுவிட்டால், அதோடு சரி. தொண்ணூறு வயதாகப் போகிற இந்தப் புளூட்னருக்குக் கம்பி மாற்றலாம், ஃபெல்ட் மாற்றலாம்; வேலை தெரிந்த கை ஒன்று இருந்தால் போதும்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களைப் பற்றியும் சொன்னார். மாணவர்களின் வீடுகளில் டிஜிற்றல்கள் ஊமையாகிவிட்டன. பிள்ளைகள் மாறி மாறி இங்கே வந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பழகிவிட்டுப் போனார்களாம். "அந்த ரெண்டு மூண்டு மாசத்தில அவையளின்ர வாசிப்பு எவ்வளவு திருந்தினது தெரியுமே!" அதைச் சொல்லும்போது ரீச்சரின் முகத்தில் இருந்த பெருமை எனக்கு மறக்காது.

பின்னேரம் தெஹிவளைப் பக்கமாக இறங்கி, காலி வீதியில் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து வெள்ளவத்தைக்கு வந்தேன். யாழ்ப்பாண பஸ்கள் புறப்படும் இடம், புடவைக்கடைகள், தோசை வாசனை. இதே வெள்ளவத்தைக் கடற்கரை வீடொன்றில்தான் 1929, 1930 ஆண்டுகளில் சிலி நாட்டுக் கொன்சலாக இருந்த கவிஞர் பாப்லோ நெருடா தனியே குடியிருந்தார். வயலினுக்கும் பியானோவுக்குமாக சேசார் பிராங்க் எழுதிய சொனாட்டாவின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதைத் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவருக்குப் புத்தகங்களைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் அனுப்பிவைத்த நண்பர் லயனல் வென்ட். உயர்நீதிமன்ற நீதியரசரின் மகன். லண்டனில் சட்டத்தோடு பியானோவும் படித்துத் திரும்பி, சட்டத்தை விட்டுவிட்டுப் பியானோவுக்கும் புகைப்படத்துக்கும் தன்னைக் கொடுத்தவர். ஐரோப்பாவின் அன்றைய புதிய இசையைக் கொழும்பில் வாசித்துக் காட்டியவர். தன் வீட்டுக்கு ராவெலின் பியானோப் படைப்பொன்றை நினைந்து 'அல்போராடா' என்று பெயரிட்டிருந்தார். 1944இல், 44 வயதில் இறந்தார். அந்த வீடு இருந்த கறுவாத்தோட்ட நிலத்தில் 1953இல் எழுந்ததுதான் லயனல் வென்ட் அரங்கு.

நெருடாவுக்குத் தனிமையில் தட்டிலிருந்த பியானோ துணையாக இருந்தது. வென்ட்டின் அறையில் கம்பிப் பியானோ இருந்தது. கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் ஹெட்போனையும் களுபோவிலைப் புளூட்னரையும் நான் இப்படித்தான் பொருத்திப் பார்க்கிறேன். பதிவு இழிவானதல்ல, ஒரு பெருங்கவிஞனுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அவர் கேட்பவர். வாசிக்கக் கற்கிறவருக்கு வென்ட்டின் அறை வேண்டும்.

இந்த நகரத்தில் அதற்கு வழி இல்லாமலில்லை. 1958இல் தொடங்கிய இலங்கைச் சிம்பொனி இசைக்குழு இன்றும் கச்சேரி நடத்துகிறது. பழைய மகளிர் கல்லூரிகளிலும் தேவாலய மண்டபங்களிலும் பியானோக்கள் உண்டு. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளிலும் அப்படித்தான். பலதின் மூடி ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கிறது, மேலே பூச்சாடியும் பரிசுக் கிண்ணங்களும். வாசிக்காத பியானோ வாசிக்கிற பியானோவைவிட வேகமாகக் கெடும். பூட்டி வைப்பது பாதுகாப்பல்ல.

டிஜிற்றல் வாங்கிக்கொடுத்த பெற்றோர் செய்தது சரி. தொடர்மாடியில் வேறு வழியில்லை. நள்ளிரவிலும் பழகலாம், அயலவருக்கு இடைஞ்சல் இல்லை. அதோடு ஒன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். மாதத்தில் ஒருமுறையாவது பிள்ளையை நல்ல கம்பிப் பியானோவின் முன்னால் இருத்துங்கள், பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் என்றில்லாமல், படிப்பின் தொடக்கத்திலிருந்தே. பியானோவைப் பூட்டி வைத்திருக்கும் பள்ளிகளும் வீடுகளும் டியூனரைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து, வாரத்தில் ஒரு பின்னேரத்தை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். களுபோவிலை ரீச்சர் சனிக்கிழமைகளில் கொடுக்கிறார். சின்னம்மாவின் பேத்தி வருகிற சனிக்கிழமை 176இல் அங்கே போகிறாள்.